அடைக்கலம் என்ற பெயருக்கு ஐந்து மதிப்பெண்

போன மாதம் என் பழைய பள்ளியிலிருந்து பிரபாகர் தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வு பெற்ற இடத்தில் தமிழாசிரியராக வந்தவர்.

"சார், துணைப்பாடத்துல பெயர்ப் பொருத்தம் கேள்வியையே எடுத்துட்டாங்க. இனிமே நாலு விடை குடுத்து ஒண்ண டிக் அடிக்கச் சொல்லிடுவாங்க போல. நீங்க அந்தக் கேள்வியப் பத்தி ஒரு கதை சொல்வீங்களே, அதை நம்ம ஆசிரியர் சங்க மலருக்கு எழுதிக் குடுங்க சார்."

"அது கதை இல்லப்பா" என்றேன்.

"அதனாலதான் கேக்கறேன்."

தேதி போடாமல் நான் எதையும் எழுதியதில்லை. வீட்டில் பால் பாக்கெட் கெட்டுப்போன நாளைக்கூட நாட்குறிப்பில் எழுதிவைப்பவன் என்று என் மனைவி கேலி செய்வாள். ஆனால் இந்தக் கட்டுரையில் ஆண்டைச் சொல்லப்போவதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த ஆண்டு துணைப்பாடமாக இருந்த நாவலின் பெயரையும் எழுதவில்லை. எழுதினால் ஆண்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆண்டு தெரிந்தால் பிள்ளைகள் யார் என்பதும் தெரிந்துவிடும். அந்தப் பிள்ளைகளுக்கே இப்போது பிள்ளைகள் பிளஸ் டூ படிக்கும் வயதில் இருக்கலாம். இருந்தாலும் எனக்கு அந்தப் பயம் விடவில்லை.

புலவர் பட்டம், ஆசிரியர் பயிற்சி, இரண்டு ஆண்டுகள் தற்காலிக வேலை என்று எல்லோரையும் போலத்தான் வந்தேன். செம்பாக்கத்துக்கும் பள்ளிக்கரணைக்கும் நடுவில் இருந்த ஒரு மேல்நிலைப்பள்ளியில் நிரந்தரமானபோது எண்பதுகள் பிறந்திருந்தன. அப்போது சதுப்பு நிலத்துத் தண்ணீர் மழைக்காலத்தில் சாலைக்கே வந்துவிடும். பிள்ளைகள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வருவார்கள். புதிய காலனிகளில் அலுவலகம் போகிறவர்களின் பிள்ளைகள் ஒரு பாதி. பழைய கிராமங்களிலிருந்து வருபவர்கள் மறு பாதி. கல் உடைப்பவர், தோல் பதனிடும் வேலைக்குப் போகிறவர், மாதா கோவில் தெருவில் தச்சு வேலை செய்பவர் ஆகியோரின் பிள்ளைகள். இந்த மறுபாதிப் பிள்ளைகளுக்குப் பிளஸ் டூ என்பது ஒரே ஒரு முறைதான். தவறினால் பையன் வேலைக்கு, பெண் கல்யாணத்துக்கு. அடுத்த அக்டோபரில் எழுதலாம் என்று நாம் சொல்வோம். வீட்டில் சொல்ல மாட்டார்கள்.

விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு முதன்முதலில் போனது 1984இல். தாம்பரத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடம். உதவித் தேர்வாளர்களான நாங்கள் ஒரு மேசைக்கு ஐந்தாறு பேர். எங்களுக்குச் சிவப்பு மை. மேசைக்குத் தலைமைத் தேர்வாளர் ஒருவர்; அவருக்குப் பச்சை மை. காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. தாளில் பதிவெண் இருக்காது, பள்ளி தெரியாது. ஒரு மாவட்டத்துத் தாள் அந்த மாவட்டத்து முகாமுக்கு வராது. தப்பித் தவறி வந்து, இது என் பள்ளியின் தாள் என்று தேர்வாளருக்குத் தோன்றினால் உடனே சொல்லிவிட வேண்டும். சொன்னவரை மேசையிலிருந்து எழுப்பிவிடுவார்கள். கட்டு விளக்கக் குறிப்போடு மேலே போகும்.

எங்கள் மேசைக்குத் தலைமைத் தேர்வாளர் மரகதம் அம்மா. குரோம்பேட்டையில் வீடு. பெண்கள் பள்ளி ஒன்றில் மூத்த தமிழாசிரியை. அவர் தாள் படிக்கும் விதத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. பேனாவை மூடி, இடது பக்கம் தள்ளி வைத்துவிடுவார். கண்ணாடியைப் புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒரு விடையை முதலிலிருந்து கடைசி வரை படிப்பார். படித்து முடித்த பிறகுதான் கை பேனாவுக்குப் போகும். நான் பேனாவைப் பிடித்தபடியே படிப்பதைப் பார்த்துவிட்டு முதல் நாளே சொன்னார்:

"சார், பேனா கையில இருந்தா கண்ணு தப்பைத்தான் தேடும். கீழ வச்சுட்டுப் படிங்க."

அவர் யாரையும் அதட்டியதில்லை. ஒரு தாளைத் திருப்பி நம் முன் வைத்து, "ஏன் மூணு?" என்பார். அவ்வளவுதான். பதில் இல்லாவிட்டால் நமக்கே வியர்க்கும். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் நான் பெரும்பாலும் அவர் மேசைக்கே போய்ச் சேர்ந்தேன். "ஏன் மூணு" என்ற அந்தக் கேள்விக்குப் பயந்தே ஒழுங்காகத் திருத்தக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம்.

இனி அந்த நாவல். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றி, சுருக்கமாகச் சொல்கிறேன். ஓர் ஏரிக்கரை ஊர். ஏரியின் மடையைத் திறந்து மூடும் காவலாளியின் பெயர் அடைக்கலம். குழந்தையாக இருக்கும்போதே அவனை அவன் தாய் அந்த ஊரில் ஒரு வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். வளர்ந்து மடைக்காவலாளி ஆகிறான். பெருமழையில் ஊரே மேட்டில் இருக்கும் அவன் குடிசைக்கு ஓடிவருகிறது. எல்லோருக்கும் இடம் கொடுக்கிறான். வெள்ளம் வடிந்ததும் கரையை உடைத்தவன் அவனே என்று ஊர் பழி போட்டுத் துரத்துகிறது. கடைசி அத்தியாயத்தில் வேறோர் ஊரில் ஒரு வாசலில் நிற்கிறான். உன் பெயர் என்ன என்று கேட்கிறார்கள். அவன் பெயரைச் சொல்லாமல் நடந்துபோகிறான்.

'அடைக்கலம் என்னும் பெயர்ப் பொருத்தத்தை விளக்குக' என்ற ஐந்து மதிப்பெண் கேள்விக்கு உரைநூல்கள் எல்லாம் ஒரே விடை சொல்லின. ஊருக்கு அடைக்கலம் கொடுத்தான், ஆகவே பெயர் பொருத்தம். எனக்கு அது போதவில்லை. நாவலில் ஊரார் அவனைக் கூப்பிடும் இடங்களை எல்லாம் குறித்துப் பார்த்தேன். மாடு காணாமல் போனால், தண்ணீர்ச் சண்டை வந்தால், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், அப்போதுதான் 'அடைக்கலம்' என்று கூப்பிடுகிறார்கள். அதை வகுப்பில் ஒரு மணி நேரம் நடத்திவிட்டு ஒரு வாக்கியத்தில் முடிப்பேன்: 'ஊரார் அவனைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை, அவனிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.'

விடையை முடிக்க நல்ல வாக்கியம் ஒன்றைக் கொடுத்து, எல்லோரையும் சேர்ந்து சொல்லச் சொல்வது தமிழாசிரியர்களின் வழக்கம். நானும் அதைத்தான் செய்தேன். அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆகவே பல முறை சொல்லச் சொன்னேன்.

அந்த ஆண்டு பொதுத்தேர்வில் கேள்வி வந்தது. முகாம் தொடங்கிய நாளில் விடைக்குறிப்பைப் பற்றி மேசையில் பேசிக்கொண்டோம். குறிப்பில் உரைநூல் விடைதான் இருந்தது.

"அம்மா, 'பொருத்தமான பிற விளக்கமும் ஏற்கலாம்'னு ஒரு வரி சேர்க்கலாமா?" என்று கேட்டேன்.

"எந்த விளக்கம் சார்?"

"பொதுவாத்தான் சொல்றேன்."

எதிரில் உட்கார்ந்திருந்த ஞானதுரை சிரித்தார். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை. கெட்டிக்காரர், வாய் கொஞ்சம் அதிகம். "சார் பொதுவா பேச ஆரம்பிச்சா மணி அடிச்சிரும்மா."

மரகதம் அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் பிரதியின் ஓரத்தில் பச்சை மையில் எழுதி, எங்களையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்: 'பிற விளக்கம், கதையிலிருந்து சான்று காட்டப்பட்டிருப்பின்.'

தமிழ்ப் புத்தாண்டு விடுமுறைக்கு மறுநாள் அது நடந்தது. வெயில். மின்விசிறி தாள்களைப் பறக்கவிடும் என்பதால் அதை மெதுவாக வைத்திருந்தார்கள். ஞானதுரை காலைக் கட்டைப் பிரித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். திடீரென்று உரக்கப் படித்தார்:

"'ஊரார் அவனைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை, அவனிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.' அடேங்கப்பா! பையன் நல்லாத்தான் எழுதறான்."

எனக்கு முதலில் சந்தோஷம் வந்தது என்பதை எழுதத்தான் வேண்டும். ஒரு நொடி. அடுத்த நொடியில் அது என் வகுப்பு வரி என்பது உறைத்தது.

அவர் அடுத்த தாளை எடுத்தார். "இங்கேயும் அதே வரி." அடுத்தது. "இங்கேயும்." பிறகு வேகமாகப் புரட்டினார். ஒவ்வொரு தாளிலும் அந்த ஒரே கேள்வியைத் தேடி விரல் வைத்துப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு போயிருந்தது.

"அம்மா, இது பிட்டு. எந்த உரைநூல்லயும் இல்லாத வரி, எல்லாத் தாள்லயும் ஒரு எழுத்து மாறாம இருக்கு. ஹால்ல யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. ரிப்போர்ட் எழுதிரலாம்."

அந்த அறிக்கை எழுதப்பட்டால் என்ன நடக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். கட்டு தனியாக முத்திரை வைத்து மேலே போகும். அத்தனை பிள்ளைகளின் முடிவும் நிறுத்திவைக்கப்படும். விசாரணை முடிவதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்திருக்கும். என் கண் முன் வகுப்பின் முகங்கள் வரிசையாக வந்தன. உயிரியலில் நல்ல மதிப்பெண் வரும், நர்சிங் சேருவேன் என்று சொல்லிக்கொண்டிருந்த தச்சர் மகள். கல் உடைப்பவரின் இரட்டைப் பிள்ளைகள். பையனை இந்த ஒரு தடவை எழுதவிடுகிறேன் என்று என்னிடமே சொல்லிப் போன ஒரு தகப்பன்.

அது என் பள்ளியின் தாள்தானா? எங்கள் மாவட்டத்துத் தாள் இங்கே வராதே. வேறு யாராவது இதே வரியைச் சொல்லிக்கொடுத்திருக்கக் கூடாதா? இல்லை. அந்த வரியை நான் செம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்துகொண்டே செய்தேன். எந்த வார்த்தையை எடுத்துவிட்டு எந்த வார்த்தையைப் போட்டேன் என்பதுகூட நினைவிருந்தது.

பேசினால், இது என் பள்ளி என்று ஒப்புக்கொண்டதாகும். என்னை எழுப்பிவிடுவார்கள். தன் பிள்ளைகளைக் காப்பாற்ற வாத்தியார் கதை கட்டுகிறார் என்பார்கள். தேர்வறையில் சொல்லிக்கொடுத்தவனே நான்தான் என்றும் நினைக்கலாம். பேசாவிட்டால் அறிக்கை போய்விடும். எழுந்தேன்.

"அம்மா, இந்தக் கட்டப் பத்தி நான் ஒண்ணு சொல்லணும்..."

மரகதம் அம்மா நிமிரவில்லை. "சார், முகம் வேர்த்திருக்கு. போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க."

"இல்லம்மா, நான்..."

"தண்ணி குடிச்சிட்டு வாங்க சார்." இந்த முறை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். நான் வெளியே போனேன்.

தண்ணீர்த் தொட்டியருகே ஆறுமுகம் நின்றிருந்தார். கட்டுகளைத் தூக்கிவந்து மேசை மேசையாகப் போடும் அலுவலக உதவியாளர்.

"இன்னா சார், மூஞ்சி ஒரு மாதிரி கீது? வெயிலு பேஜார் பண்ணுதா?"

"ஆமா ஆறுமுகம். இன்னிக்குக் கட்டு நிறைய வந்திருக்கோ?"

"அத்த ஏன் கேக்குற! வேற கேம்புல ஆளு பத்தலையாம். அங்க போவ வேண்டிய மூட்டையில கொஞ்சம் நம்ம தலைல கட்டிட்டாங்கோ. லீவு முடிஞ்சி வந்தவுடனே நான்தான் இறக்கினேன். முதுவு போச்சு."

அப்படியானால் வந்திருக்கிறது. எங்கள் மாவட்டத்திலிருந்து வெளியே போக வேண்டிய மூட்டை பாதி வழியில் திரும்பி எங்களிடமே வந்திருக்கிறது. குடிக்காமலே தம்ளரை வைத்துவிட்டு நடந்தேன்.

மேசைக்குத் திரும்பினேன். கட்டு மரகதம் அம்மாவின் முன்னால் இருந்தது. பச்சைப் பேனா மூடியபடி இடது பக்கம் கிடந்தது. அவர் முதல் தாளை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியை மட்டும் அல்ல. செய்யுள், உரைநடை, கட்டுரை, எல்லாவற்றையும்.

முகாம் அலுவலர் ஒரு முறை எட்டிப் பார்த்தார். ஞானதுரை அதற்குள் யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும். "அம்மா, காப்பி கேஸ் ஏதோ இருக்காமே? ரிப்போர்ட் இருந்தா சாயங்காலத்துக்குள்ள குடுத்திருங்க. நாளைக்கு ஆள் போகுது."

"படிச்சிட்டுச் சொல்றேன் சார்."

"ஒரே வரி இருக்குன்னா போதும்மா. ரூல் அதுதானே?"

"ஒரே வரி இருக்கறது எனக்கும் தெரியுது. அதுக்கு முன்னாடி இருக்கறதையும் படிச்சிர்றேன்."

மதிய உணவுக்கு அவர் எழவில்லை. நான் எழுந்து போய், டிபன் பாக்ஸைத் திறந்து, அப்படியே மூடினேன். பிற்பகலில் என் கட்டில் ஒரு தாளின் கூட்டலைத் தப்பாகப் போட்டு, சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பினார். அதற்கு முந்தைய ஆண்டுகளில் எனக்கு அப்படி நடந்ததில்லை.

மாலை நெருங்கும்போது மரகதம் அம்மா, "ஞானதுரை சார், இங்க வந்து உக்காருங்க" என்றார். ஒரு தாளை நீட்டினார். "அந்த வரிக்கு முன்னாடி என்ன இருக்குன்னு படிங்க."

"மாடு காணாமப் போறது."

அடுத்த தாள். "இதுல?"

"மடைத் தகராறு. எழுத்துப்பிழை நாலு இருக்கு."

"இதுல?"

"காய்ச்சல் வந்த குழந்தை. ஆனா அந்தக் குழந்தை பேரத் தப்பா எழுதியிருக்கான்."

"பிட்டா இருந்தா சான்றும் ஒண்ணா இருக்கும். தப்பும் ஒண்ணா இருக்கும்."

ஞானதுரை விடவில்லை. "அப்படியும் சொல்லலாம். ஆனா ஒரு வரிய மட்டும் ஹால்ல சொல்லிக் குடுத்திருக்கலாமேம்மா? மிச்சத்த அவங்கவங்க எழுதியிருக்கலாம்."

அவர் கேட்டது நியாயமான கேள்வி. மரகதம் அம்மா கட்டின் அடியிலிருந்து ஒரு தாளை உருவினார். அதைத் தனியாக வைத்திருந்தார் போலும்.

"இதையும் படிங்க."

ஞானதுரை படித்தார்: "'ஊரார் அவனைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை; அவனிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்று எங்கள் ஆசிரியர் வகுப்பில் கூறுவார். எனக்கு அது உடன்பாடு இல்லை. ஏனென்றால்...'"

நிறுத்திவிட்டு எல்லோரையும் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "பிட்டு அடிக்கறவன் எவனும்மா பிட்டோட சண்டை போடுவான்! வாத்தியார் வகுப்புல சொன்னதுதான் இது. எவரோ ஒரு மகராசன் மண்டைல அடிச்சு ஏத்தியிருக்காரு."

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மரகதம் அம்மா பேனாவின் மூடியைத் திறந்தார். "அறிக்கை வேண்டாம். விடைக்குறிப்பு ஓரத்துல எழுதியிருக்கறபடி சான்று இருக்கறவங்களுக்கு மார்க் போடுங்க. சான்று இல்லாம வரி மட்டும் இருந்தா குறைச்சிடுங்க." அப்புறம் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: "இந்த மூட்டையில மிச்சம் இருக்கற கட்டெல்லாம் பக்கத்து மேசைக்குப் போகட்டும். எங்கேருந்து வந்துச்சுன்னு முகாம் அலுவலர் கிட்ட நானே கேட்டுக்கறேன். நம்ம மேசைக்கு வேண்டாம்."

முகாம் முடிந்த நாளன்று தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் அவரோடு ஏறினேன். அவர் குரோம்பேட்டைக்கு மின்சார ரயில் ஏற வேண்டும். நான் அந்தப் பக்கம் இறங்கிச் செம்பாக்கம் பஸ் பிடிக்க வேண்டும். பாலத்தின் நடுவில் நின்றேன்.

"அம்மா, அன்னிக்கு என்னை ஏன் பேச விடல?"

"நீங்க சொல்லியிருந்தா நான் எழுதியே ஆகணும் சார். எழுதினா கட்டு போயிரும். சொல்லாத வரைக்கும் அது வெறும் விடைத்தாள்தானே, படிச்சுப் பாத்தா போதும்." கொஞ்சம் நிறுத்தினார். "விடைக்குறிப்பு அன்னிக்கே 'பொதுவா'ன்னீங்களே. பொதுவா பேசற ஆளா நீங்க?"

பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டு அவர் ஓரமாக ஒதுங்கினார்.

"இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உங்க விளக்கம் அழகா இருக்கு. ஆனா அந்தப் புள்ள எழுதினதுதான் சரி."

"என்ன எழுதியிருந்துச்சு?" அந்த மேசையில் நான் கேட்கத் துணியாத கேள்வி அது.

ரயில் வருகிற சத்தம் கேட்டது. அவர் அவசரப்படவில்லை. மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பவர் போலச் சொன்னார்:

"'ஏனென்றால் அந்தப் பெயரை வைத்தது ஊர் இல்லை, அவனுடைய அம்மா. அவனை அந்த வாசலில் விட்டுப் போகும்போது வைத்தாள். அவன் ஊருக்குக் கொடுத்ததையும் ஊர் அவனிடம் கேட்டதையும் நாம் எழுதுகிறோம். அவனுக்காக அவள் ஊரிடம் கேட்டதை யாரும் எழுதுவதில்லை.'"

அது நாவலின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. நான் எத்தனை முறை நடத்தியிருப்பேன்! கடைசிப் பக்கத்திலிருந்தே பின்னோக்கிப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அஞ்சுக்கு அஞ்சா?" என்று கேட்டேன்.

"அதை நீங்க கேக்கக் கூடாது, நான் சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மதிப்பெண் பட்டியல் வந்தது. அதுவரை இருந்த பதற்றம் அன்று காலையில்தான் முழுதாக அடங்கியது. ஒருவர் முடிவும் நிறுத்தப்படவில்லை. தமிழில் எல்லோரும் தேறியிருந்தார்கள். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே மேசை போட்டு நான்தான் பட்டியல்களைக் கொடுத்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே செய்தியைச் சொன்னார்கள்.

"சார், அடைக்கலம் கேள்வி வந்துச்சு சார்! நீங்க சொன்ன வரிய அப்படியே எழுதிட்டேன்!"

"ஒரு எழுத்துகூட மாத்தலை சார்!"

"நல்லதுப்பா" என்றேன். ஒவ்வொரு முறையும் குனிந்து அடுத்த பட்டியலை எடுத்தேன்.

சிலர் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டு வாங்கிப்போனார்கள். தச்சர் மகளும் சொல்லவில்லை. இரட்டையரில் இளையவனும் சொல்லவில்லை. காலனியிலிருந்து வரும், எப்போதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெண் ஒருத்தியும் சொல்லவில்லை. அவர்களில் ஒருவரா, அவர்கள் யாருமே இல்லையா, தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்டால் அந்தத் தாளை எனக்குத் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். மரகதம் அம்மா என் வாயிலிருந்து வரவிடாத வார்த்தையை அங்கே எப்படிச் சொல்வது?

வரிசை நீளமாக இருந்தது. பின்னால் நின்ற பெற்றோர்கள் சீக்கிரம் சார், சீக்கிரம் என்றார்கள். பட்டியலின் மேலே இருந்த ஒவ்வொரு பெயரையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை முழுதாகப் படித்து, யாரோ ஒரு தாய் எதையோ கேட்டு வைத்த பெயர் என்று நினைத்துக்கொண்டு, நிதானமாகத்தான் அழைத்தேன்.